பூப்பொட்டலத்தைப் பிரிக்கும் முன்

எங்கள் கோயில்களில் பூக்கட்டிப் பார்க்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. கல்யாணமா, கடை மாற்றமா, பையனை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா, வேண்டாமா? மனம் எட்டு வழியில் இழுக்கும்போது ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூவும் இன்னொன்றில் சிவப்புப் பூவும் வைத்து மடித்து அம்மன் காலடியில் போடுவார்கள். விவரம் அறியாத ஒரு குழந்தையைக் கூப்பிட்டு ஒன்றை எடுத்துத் தரச் சொல்வார்கள். பர்மாவில், யாங்கோனில் (பழைய ரங்கூன்) நான் சிறுமியாக இருந்தபோது அப்படி எடுத்துக் கொடுக்கிற குழந்தையாகப் பலமுறை நின்றிருக்கிறேன்.

நான் குனிந்து பொட்டலத்தைத் தொடும்போது கேட்க வந்தவர்களின் முகம் மாறும். 'வெள்ளையாக இருக்கட்டும்' என்றோ 'சிவப்பு வரட்டும்' என்றோ உள்ளே ஒன்று ஆசைப்படுவது கண்ணில் தெரியும். பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே அவர்களுக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் அடுத்த நொடி பூவின் நிறத்தைப் பார்ப்பார்கள், அந்த ஆசையை மறந்துவிடுவார்கள்.

அந்த ஒரு நொடியில் பேசுவதைத்தான் நான் உள்மனம் என்கிறேன். அதற்கென்று தினமும் கொஞ்ச நேரம் ஒதுக்க நினைத்து, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2018 முதல் நான் செய்துவரும் முறை இது. கோயில் வழக்கத்துக்கு எதிரானது இல்லை. அம்மன் முன்னால் நிற்கும்போதும் இது கைகொடுக்கும்.

அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

இதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். எனக்கு இது புரிவதற்குள் அம்மா கொடுத்த வளையல்கள் போய்விட்டன.

நான் பருப்பு வியாபாரத்தில் கணக்கு எழுதுகிறவள். தமிழ்நாட்டுக் கடைகளில் பர்மா உளுந்து என்று விற்கிறதே, அது எங்கள் கிடங்குகளிலிருந்து போவதுதான். மாசி, பங்குனியில் புது உளுந்து சந்தைக்கு வரும். அப்போது வாங்கி அடுக்கிவைத்து, விலை ஏறும்போது விற்பது இங்கே பலருக்குப் பழக்கம். 2017-இல் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர், "நீயும் கொஞ்சம் போடும்மா, சும்மா கிடக்கிற நகைதானே" என்றார். வளையல்களை விற்றுக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முந்தைய பத்து நாளும் அடிவயிற்றில் ஒரு முடிச்சு இருந்துகொண்டே இருந்தது. வெயில் காரணம் என்று நினைத்து மோர் குடித்தேன்.

அந்த ஆகஸ்டில் இந்தியா உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 3 லட்சம் டன் என்று இறக்குமதிக்கு வரம்பு கட்டியது. எங்கள் உளுந்துக்கு இந்தியாதான் பெரிய சந்தை. விலை சரிந்தது. போட்ட பணத்தில் பெரும்பகுதி திரும்பவில்லை.

ரொம்ப நாள் நான் இதை 'உள்மனம் எச்சரித்தது, நான்தான் கேட்கவில்லை' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அது சரியில்லை என்று பிறகு புரிந்தது. டெல்லியில் எடுக்கப்போகிற முடிவு என் வயிற்றுக்கு எப்படித் தெரியும்? அதற்குத் தெரிந்தது வேறு. இவரிடம் முடியாது என்று சொல்ல வாய் வராமல்தான் நான் தலையாட்டுகிறேன் என்பது அதற்குத் தெரியும். விலை ஏறி இரண்டு மடங்கு லாபம் வந்திருந்தாலும் அந்த முடிச்சு சொன்னது உண்மையாகவே இருந்திருக்கும்.

பர்மியர்கள் இதை 'ஆநாடே' என்பார்கள். எதிரில் இருப்பவர் மனம் நோகுமே என்று நம் விருப்பத்தை விழுங்கிவிடுவது. நம் தமிழில் தாட்சண்யம். 'தாட்சண்யம் தன நாசம்' என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். இரண்டு மொழியிலும் இதற்குச் சொல் வைத்திருக்கிற ஊரில் வளர்ந்தவர்கள் நாம். நமக்கு உள்ளே கேட்பது கொஞ்சம் கூடுதலான வேலைதான்.

ஆகவே நாளைய விலையையோ பரீட்சை முடிவையோ அதனிடம் கேட்காதீர்கள். அது வருங்காலம் அறியாது. உங்களை அறியும்.

நேரத்தை எங்கே கட்டிவைப்பது

தொடங்குபவர்களுக்குப் பதினைந்து நிமிடம் போதும். ஒரு மணி நேரம் என்று ஆரம்பித்தவர்கள் நான்காம் நாள் விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

நேரம் கிடைக்கும்போது உட்காரலாம் என்றால் அது கிடைக்காது. ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒரு காரியத்தோடு முடிச்சுப் போடுங்கள். நான் காலையில் விளக்கேற்றியதும் உட்காருகிறேன். கடைக்குப் போகிறவர்கள் கடைக் கதவைத் திறந்து கல்லாவில் உட்கார்ந்ததும் செய்யலாம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, மொஹிங்கா (மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ்) வாங்கிய பாத்திரத்தைக் கழுவிய கையோடு செய்கிற பக்கத்து வீட்டு அக்காவையும் எனக்குத் தெரியும்.

யாங்கோனில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மின்சாரம் முறை வைத்து வருகிற காலம் இது. வந்தவுடன் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்ற, சோறு வைக்க, துணி தேய்க்க, போனுக்குச் சார்ஜ் போட என்று வீடே ஓடும். அந்த நேரத்தை இதற்கு வைக்காதீர்கள். மின்சாரம் போனதும் எல்லோரும் ஒரு பெருமூச்சு விட்டு உட்காருவோமே, அந்தக் கால் மணி நேரம் நல்ல நேரம். தெருவில் ஜெனரேட்டர் சத்தம் கேட்டால் கேட்கட்டும். ஒரே சீராக வரும் சத்தம் தொந்தரவு செய்யாது. நடுநடுவே ஒலிக்கும் போன்தான் செய்யும். அதை வேறு அறையில் வையுங்கள்.

வேலை அதிகம், எனக்கு எங்கே நேரம் என்று தோன்றும்போது நான் நினைத்துக்கொள்வது ஊ பா கின் என்ற மனிதரை. அவர் துறவி இல்லை, அரசாங்கக் கணக்கு அலுவலர். 1937 ஜனவரியில் மூச்சைக் கவனிக்கும் பயிற்சியை ஒருவர் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். அது அவரை அப்படிப் பிடித்துக்கொண்டது. ஒரு வாரத்துக்குள் பத்து நாள் விடுப்புக் கேட்டுவிட்டு, யாங்கோன் ஆற்றைக் கடந்து வயல்வெளி வழியாகப் பியாபுவேஜி என்ற கிராமத்துக்குக் கிளம்பினார். அங்கே கற்பித்த சயா தெட்ஜியும் துறவி இல்லை, நெல் விவசாயி. 1948 ஜனவரி 4-ஆம் தேதி பர்மா விடுதலை பெற்றபோது ஊ பா கின் நாட்டின் தலைமைக் கணக்காயர் ஆனார். புது நாட்டின் கணக்கு முழுவதும் தோளில் இருந்த ஆண்டுகளில்தான், தன் அலுவலகத்திலேயே ஊழியர்களோடு தியானம் செய்தார். 1952-இல் யாங்கோனில் ஒரு தியான மையத்தையும் தொடங்கினார். நானும் கணக்கு எழுதுகிறவள் என்பதால் அவர்மேல் எனக்குத் தனி மரியாதை. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கிற நாளிலும் பதினைந்து நிமிடம் எடுக்க முடியும் என்று நம்ப வைத்தவர் அவர்.

உட்கார்ந்ததும் முதல் ஐந்து நிமிடம்

பாயிலோ நாற்காலியிலோ, முதுகு நிமிர்ந்திருக்கும்படி எப்படி வசதியோ அப்படி உட்காருங்கள். பத்மாசனம் தேவையில்லை. முதுகு வலிப்பவர்கள் சுவரில் சாயலாம்.

முதல் ஐந்து நிமிடம் எதையும் கேட்காதீர்கள். மூச்சை மட்டும் பாருங்கள். இந்த நாட்டில் இதற்கு இரண்டு வழி பரவலாக உண்டு. ஊ பா கின் வழியில் கவனத்தை மூக்கு நுனிக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே வைப்பார்கள். மூச்சு போவதும் வருவதும் அங்கே படுவதை உணர வேண்டும். மகாசி சயாடோ என்ற பௌத்தத் துறவியின் வழியில் கவனம் வயிற்றில் இருக்கும். மூச்சு உள்ளே வர வயிறு உப்பும்போது 'உப்புகிறது' என்றும், இறங்கும்போது 'இறங்குகிறது' என்றும் மனத்துக்குள் குறித்துக்கொள்ள வேண்டும். யோசனை வந்தால் 'யோசனை' என்று குறித்துவிட்டுத் திரும்ப வயிற்றுக்கு வர வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இரண்டாவது சுலபம் என்பது என் அபிப்பிராயம். வயிறு பெரிய இடம், தேட வேண்டியதில்லை.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பெரியவர்கள் இதைக் கற்றுக்கொடுத்தது உள்மனக் குரலைக் கேட்பதற்காக அல்ல. தோன்றுவது எதுவானாலும் அதன் பின்னால் போகாமல், அது வந்து மறைவதைப் பார்க்கச் சொன்னார்கள். அவர்கள் பாதை மிக நீண்டது. நான் அந்தப் பாதையின் வாசலில், மனம் அடங்குகிற இடம் வரை மட்டும் போகிறேன். அதை முழுதாகக் கற்க விரும்புபவர்கள் அவர்களுடைய மையங்களுக்குப் போய் முறையாகக் கற்பதே சரி.

கேள்வி ஒன்றுதான்

ஐந்து நிமிடம் ஆனதும் ஒரே ஒரு கேள்வியை மனத்துக்குள் மெதுவாகச் சொல்லுங்கள். பிறகு பேசாமல் இருங்கள். 'என் வாழ்க்கையில் நான் என்ன செய்ய வேண்டும்?' என்பது மாதிரி பெரிய கேள்வி வேண்டாம். அதற்கு மூளை பதில் சொல்லும், நன்றாகவே சொல்லும், ஆனால் அது மேடைப் பேச்சாகத்தான் இருக்கும். சின்னதாக, இன்றைக்கானதாகக் கேளுங்கள். நேற்று யாரிடம் ஒன்றைச் சொல்ல வந்து சொல்லாமல் விட்டேன்? எந்த வேலையை நினைத்தால் உடம்பு கனக்கிறது? யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது?

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நேரத்தில் நான் பூக்கட்டிப் பார்ப்பதை மனத்துக்குள்ளேயே செய்கிறேன். இரண்டு பொட்டலம் முன்னால் இருப்பதாக நினைத்துக்கொள்வேன். ஒரு குழந்தை கை நீட்டுகிறது. அந்தக் கை எதன்மேல் போனால் நெஞ்சு லேசாகிறது, எதன்மேல் போனால் 'ஐயோ, அது வேண்டாம்' என்கிறது? பொட்டலத்தைப் பிரிப்பதே இல்லை. அதற்கு முந்தைய நொடி போதும்.

பதில் வார்த்தையாகத்தான் வரும் என்று காத்திருக்காதீர்கள். பெரும்பாலும் முதலில் உடம்பில்தான் வரும். தொண்டை அடைக்கும், தோள் இறங்கும், கண் லேசாக நனையும். எனக்கு வேண்டாம் என்பது அடிவயிற்றில் முடிச்சாக வருகிறது. இப்போது மோர் குடிப்பதில்லை, உட்கார்ந்துவிடுகிறேன்.

பேசுவது யார்?

நிறையப் பேர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். உள்ளே ஒரு குரல் மட்டும் இருந்தால் வேலை சுலபம். அங்கே ஒரு சந்தையே இருக்கிறது.

பர்மாத் தமிழர்களுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. நாம் பள்ளியிலும் வேலையிலும் பர்மிய மொழி, வீட்டில் தமிழ் என்று இரண்டு மொழியில் வாழ்கிறவர்கள். உள்ளே வருகிற வாக்கியம் எந்த மொழியில் வந்தது என்று பாருங்கள். 'இன்னும் நன்றாக உழைத்தால்தான் மதிப்பார்கள்' என்பது எனக்குப் பர்மிய மொழியில் வந்தது. கவனித்தபோது அது என் பழைய முதலாளியம்மா பேசிய தொனி. 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்பது தமிழில், அப்படியே என் பெரியம்மா குரலில் வந்தது. இரண்டு பேருமே எனக்கு நல்லது நினைத்தவர்கள்தான். ஆனால் அவை அவர்களுடைய வார்த்தைகள். எனக்குள் நான் குடிவைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

பேசுவது யார் என்று வாக்கியத்தின் வாலைப் பார்த்தும் சொல்லலாம். 'போய்விட்டால்', 'ஆகிவிட்டால்', 'கேட்டுவிட்டால்' என்று முடிந்தால் அது பயம். பயம் நிறையப் பேசும், நிறுத்தாது. 'செய்துதான் ஆக வேண்டும்' என்று முடிந்தால் யாரோ ஒரு பெரியவர். 'காட்டுகிறேன் பார்' என்று முடிந்தால் கோபம். உள்மனத்தின் பேச்சு ரொம்பச் சின்னது. 'போ.' 'வேண்டாம்.' 'அவளிடம் சொல்லிவிடு.' 'அங்கே போகணும் போல இருக்கு.' காரணம் சொல்லாது, வாதாடாது. மறுத்தால் கோபித்துக்கொள்ளாது, இரண்டு நாள் கழித்துத் திரும்ப வந்து அதே வார்த்தையைச் சொல்லும். எனக்கு அது வீட்டுத் தமிழில், நடுவே ஒரு பர்மிய வார்த்தை கலந்து, நான் சாதாரணமாகப் பேசுவது போலவே வருகிறது. உங்களுக்குப் பர்மிய மொழியிலேயே வரலாம். அதில் குறை ஒன்றும் இல்லை. தமிழில் வந்தால்தான் சொந்தக் குரல் என்று பிள்ளைகளை வருத்தாதீர்கள்.

பயத்தின் பேச்சைத் தள்ளிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இருட்டிய பிறகு வெளியே போகாதே என்று பயம் சொன்னால் இன்றைய நிலையில் அது நியாயமான பேச்சு. கேளுங்கள். அதை உள்மனத்தின் பேச்சாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நோட்டுப் புத்தகம்

கடைசி மூன்று நிமிடம் எழுத வேண்டும். தேதி, கேட்ட கேள்வி, உடம்பில் எங்கே என்ன தோன்றியது, வந்த வார்த்தை, அது யார் குரல் என்று நாலைந்து வரி போதும். வந்த வார்த்தையை வந்தபடியே எழுதுங்கள், அழகாக்க வேண்டாம். ஒன்றும் வரவில்லை என்றால் 'ஒன்றும் இல்லை' என்று எழுதுங்கள். என் நோட்டில் முதல் மாதம் பாதிப் பக்கங்கள் அப்படித்தான் இருக்கின்றன. போனில் எழுதாதீர்கள், எழுத எடுத்த கை வேறு எங்கோ போய்விடும். வீட்டில் யாரும் படிக்காத இடத்தில் வையுங்கள். படிப்பார்களோ என்ற நினைப்பு வந்துவிட்டால் எழுத்து பொய்யாகிவிடும்.

மூன்று முறை வரட்டும்

உடனே செய்துவிடாதீர்கள். வேலையை விட வேண்டும் என்று ஒரு காலையில் தோன்றினால், முந்தின நாள் முதலாளி திட்டியதாக இருக்கலாம். வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு மனநிலையில் ஒரே சொல் மூன்று முறை வந்தால் அதை மதித்து ஒரு சின்னக் காரியம் செய்யுங்கள். திரும்ப வர முடிகிற காரியமாக, ஒரே நாளில் முடிவதாக இருக்க வேண்டும்.

2019-இல் என் நோட்டில் இரண்டு மாதத்துக்குள் நான்கு தேதிகளில் 'பிள்ளைகளுக்கு எழுத்து' என்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நடக்கும் தமிழ் வகுப்பைப் பற்றியது அது என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் படித்தது எல்லாம் பர்மியப் பள்ளியில். என் தமிழ் பாட்டியிடம் கற்ற தமிழ், எழுத்துப்பிழை இல்லாமல் எழுத அப்போது வராது. 'யாராவது தப்புக் கண்டுபிடித்துவிட்டால்' என்று பயம் வேறு பேசிக்கொண்டிருந்தது. வாத்தியாராகப் போக எனக்குத் துணிவு இல்லை. ஒரு ஞாயிறு போய்ப் பின்வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ணகரம், நகரம், னகரம் எழுதினேன். அதுதான் என் சின்னக் காரியம். மறுவாரம் ஒரு சிறுவன் தன் பலகையை என் பக்கம் நகர்த்தி, "சயாமா, இது சரியா?" என்று கேட்டான். சயாமா என்றால் பர்மிய மொழியில் டீச்சர். இப்போது தொடக்க வகுப்பு என் பொறுப்பில் இருக்கிறது.

வாரத்தில் ஒரு நாள்

நோட்டை வாரம் ஒருமுறை திரும்பப் படிக்க வேண்டும். இல்லாவிட்டால் எது மூன்று முறை வந்தது என்றே தெரியாது. எந்தக் கிழமை என்பதற்கு இந்த ஊரிலேயே ஒரு நல்ல வழி இருக்கிறது. பர்மியர்கள் ஒவ்வொருவருக்கும் தான் பிறந்த கிழமை தெரியும். ஷ்வேடகோன் பகோடாவைச் சுற்றிக் கிழமைக்கு ஒரு மூலை உண்டு. புதன்கிழமையைக் காலை, மாலை என்று இரண்டாகப் பிரித்து மொத்தம் எட்டு. திங்களுக்குப் புலி, செவ்வாய்க்குச் சிங்கம், சனிக்கு நாகம். தன் மூலைக்குப் போய்ப் புத்தர் சிலைக்கு நீர் ஊற்றி வணங்குவார்கள். நம்மவர்களும் பலர் போகிறார்கள். நான் பிறந்தது செவ்வாய்க்கிழமை. அதனால் செவ்வாய்தோறும் அரை மணி நேரம் கூடுதலாக எடுத்து ஏழு நாள் பக்கங்களையும் படிக்கிறேன். பிறந்த கிழமை என்பதால் மறப்பதில்லை. உங்களுக்கு எந்தக் கிழமை என்று அம்மாவிடம் கேளுங்கள்.

வரக்கூடிய சங்கடங்கள்

தூக்கம் வந்தால் உடம்புக்குத் தூக்கம் போதவில்லை. தூங்குங்கள், மறுநாள் உட்காருங்கள். காரணம் தெரியாமல் அழுகை வந்தால் அழுது முடியுங்கள். அடக்கிவைத்தது வெளியே வருகிறது, கெடுதல் இல்லை.

ஆனால் உள்ளே வரும் குரல் உங்களை இழிவாகப் பேசினாலோ, உயிரை விடச் சொன்னாலோ, வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போயிருந்தாலோ இந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு நம்பிக்கையான ஒருவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். அந்தக் குரலை உள்மனம் என்று நினைத்துத் தனியாக உட்கார்ந்து கேட்கக் கூடாது.

ஆர்வம் கூடியதும் சிலர் பத்து நாள் மௌனப் பயிற்சிக்குப் போகலாமா என்று கேட்கிறார்கள். மண்டலேயில் 1924-இல் பிறந்து, தீராத தலைவலியோடு 1955-இல் ஊ பா கின்னிடம் வந்து கற்ற வியாபாரி கோயங்கா. அவர் பின்னால் உலகம் முழுக்கக் கொண்டுபோன முறை அது. கட்டணம் கிடையாது, முடித்தவர்கள் தரும் நன்கொடையில் நடக்கிறது. அங்கே பேசக் கூடாது, படிக்கக் கூடாது, எழுதவும் கூடாது. இந்த நோட்டுக்கு அங்கே இடமில்லை. முதல் மூன்று நான்கு மாதம் வீட்டில் உட்கார்ந்து பழகிய பிறகு போவது நல்லது என்று நினைக்கிறேன். சம்சாரிகளுக்குப் பத்து நாள் வீட்டை விட்டுப் போவதே பெரிய ஏற்பாடு. அதைப் பதற்றத்தோடு செய்ய வேண்டாம்.

வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "காலையில் கால் மணி நேரம் கூப்பிடாதீர்கள்" என்று சொல்லக்கூடத் தாட்சண்யம் தடுக்கும். எனக்குத் தடுத்தது. அதைச் சொல்லிவிடுவதையே உங்கள் முதல் சின்னக் காரியமாக வைத்துக்கொள்ளுங்கள், மூன்று முறை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இன்றிரவே நோட்டையும் பேனாவையும் பாய்க்குப் பக்கத்தில் எடுத்துவையுங்கள். விடியற்காலையில் மின்சாரம் இருக்காது என்றால் கூடவே ஒரு மெழுகுவத்தியும் தீப்பெட்டியும்.